செத்தவருக்கு நாம் என்ன முறை?

சினிமாக் கூட்டத்துக்குப் புதிதாக வர ஆரம்பித்திருக்கிற பிள்ளைகளே,

உங்களை உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லும்படி செல்வம் என்னைக் கேட்டார். நம் மலைக்கு எந்தப் படக் கம்பெனி வந்தாலும் கூட்டத்தில் நிற்க ஆள் சேர்த்துக் கொடுக்கிற ஏஜெண்ட் செல்வம்தான். எனக்குப் பேச வராது. நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். பிறகு காமிரா முன்னால் இத்தனை வருடம் எப்படி நின்றாய் என்று நீங்கள் கேட்கலாம். கூட்டத்தில் நிற்பது என்றால் அடுத்தவருக்குப் பின்னால் நிற்பது. அது எனக்குப் பிறவியிலேயே வரும். அதனால் சொல்ல வேண்டியதை எழுதித் தருகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட்டில் கொழுந்து பறித்த காலத்திலேயே லீவு நாட்களில் ஷூட்டிங்குக்குப் போவேன். வேலையில் இருந்து நின்ற பிறகு அதுவே வேலையாகிப் போனது. இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. வீட்டில் இருக்கிறேன்.

பாட்டு எடுக்க வருகிற கம்பெனிகளுக்கு நாம் தேவையில்லை. அவர்களுக்குத் தேயிலைச் செடி போதும். நமக்குச் சோறு போட்டவை பாசப் படங்கள்தான். கல்யாணத்துக்குக் கூட்டம் வேண்டும், சாவுக்கும் கூட்டம் வேண்டும். இந்தப் படங்களில் அம்மா என்றால் இருமுவாள். தங்கச்சி என்றால் ஒன்று கல்யாணம் ஆகும், இல்லாவிட்டால் செத்துப்போவாள். மகன் வீட்டை விட்டுப் போவான், கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வருவான். எதற்குப் போனான் என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் எல்லார் மேலேயும் பாசம் வழியும். ஆனால் படம் முழுக்கத் தேடினாலும் ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்து “சாப்பிட்டியா” என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

கேலி செய்வதாக நினைக்காதீர்கள். நானும் தியேட்டரில் அழுதிருக்கிறேன். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்து எதற்கு அழுதோம் என்று யோசித்தால் பிடிபடாது, அவ்வளவுதான்.

குன்னூரில் ஒரு கல்யாணக் காட்சி எடுத்தார்கள். நான் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று யாரும் சொல்லவில்லை. காலையில் பெண்ணுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளைக்குப் பின்னால் இடம் இருந்தது, அங்கே நின்று சிரித்தேன். படத்தில் இரண்டும் வந்தது. இரண்டு வீட்டுக்கும் நான் சொந்தம். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்குமே என்ன பழக்கம் என்று படத்தில் தெரியாதபோது, என்னை யார் தேடப்போகிறார்கள்?

ஆனால் ஒரு தடவை இது எங்களுக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு முன்னால் சாவுக் காட்சி. அப்பா செத்துக் கிடப்பார். ஊரை விட்டுப் போன மகன் வந்து நிற்பான். மகன்தான் ஹீரோ. அவனுக்கு ஒரு தங்கச்சி. அந்தத் தங்கச்சி வேஷம் எங்கள் லைனில் அடுத்த வீட்டுப் பெண் சுதாவுக்குக் கிடைத்திருந்தது. கூட்டத்தில் என்னோடு நின்றுகொண்டிருந்த பெண்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு ஒரு டயலாக். “அண்ணா, அப்பா கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டாரு.” அவ்வளவுதான்.

சுதாவுக்கு அந்த ஒரு வரி ஏன் பெரிது என்றால், அவளுக்கு நிஜமாகவே ஒரு அண்ணன் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சுதா கல்யாணத்துக்கு வாசலில் வைத்த பேனரில் அவன் படம் மாப்பிள்ளையின் சிநேகிதர்களை விடச் சின்னதாக விழுந்துவிட்டது. அன்றைக்குக் கோபித்துக்கொண்டு பஸ் ஏறியவன் மலைக்கு வரவே இல்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை. சுதாவின் பெண் குழந்தைக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்?

“எங்கண்ணன் ஒரு படம் விடாமப் பாப்பானுங்க்கா. போன்ல என் பேரைப் பாத்தா எடுக்க மாட்டான். படத்துல என் குரலைக் கேட்டா காதைப் பொத்திக்க முடியுமா?” என்று வேனில் வரும்போது சொன்னாள். அந்த வரியை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

செத்த அப்பாவாக நடித்தவர் சென்னையில் இருந்து வந்த பெரியவர். பேர் எனக்கு இன்று வரை தெரியாது. அவருக்கு இதுவே தொழில் போல. நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றித் துணிக்கட்டு என்று பெஞ்சில் நீட்டிப் படுத்திருந்தார். குளிருக்கு மாலைக்கு அடியில் ஸ்வெட்டர் போட்டிருந்தார். இடைவேளையில் கட்டை அவிழ்க்காமல் ஸ்ட்ரா வைத்து டீ குடித்தார்.

எங்களைச் சுற்றி உட்கார வைத்தார்கள். “ரோலிங், ஆக்‌ஷன்” என்றார் டைரக்டர்.

எங்கள் கூட்டத்திலேயே பெரிய தொண்டை மயிலாத்தாவுக்கு. “அண்ணா, எங்களை உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே” என்று எடுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் செல்லம்மா, “என்ட மச்சான்” என்று மார்பில் அடித்தாள். பின்னால் ஒருத்தி மாமா என்றாள், ஒருத்தி சித்தப்பா என்றாள். கடைசி வரிசையில் இருந்து “மகனே” என்று ஒரு குரல் வந்தது. செத்தவருக்கு எழுபது வயது, மகனே என்றவளுக்கு ஐம்பது.

“கட், கட்! என்னம்மா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க?”

டைரக்டர் நல்ல பிள்ளை, அதட்டத் தெரியாது. மயிலாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “ஏனுங் தம்பி, நீங்க சொல்லலீங்களே. செத்தவரு எங்களுக்கு என்ன முறைங்க?”

அவர் உதவி டைரக்டர் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் தாள்களைப் புரட்டினாள். “ஊர்க்காரங்கன்னுதான் சார் இருக்கு.”

“சரி, முறையெல்லாம் வேண்டாம். பொதுவா அழுங்கம்மா.”

“பொதுவா எப்படீங்க அழுவறது?”

மயிலாத்தா குசும்புக்குக் கேட்கவில்லை. சாவு வீட்டுக்குள் நுழையும்போதே நம் வாயில் முறை வந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற வார்த்தைகள் வரும். முறை தெரியாவிட்டால் வாய் திறக்காது. சரி, சும்மா முனகுங்கள் என்றார்கள். முனகினோம். வண்டு கூட்டம் மாதிரி இருக்கிறது என்று சவுண்டுக்காரர் காதில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சுதாவின் வரியை எடுத்தார்கள். ஹீரோ வந்து நின்றான். இவள் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போல இருந்தது. திரும்பச் சொன்னாள், அதே மாதிரி.

“ஃபீல் பண்ணி சொல்லும்மா.”

“அண்ணன் எதுக்கு சார் ஊரை விட்டுப் போனாரு?” என்று சுதா கேட்டாள்.

“அது... படிக்கப் போனான்.”

“வேலைக்குன்னு இருக்கு சார்” என்றாள் உதவி டைரக்டர்.

“ஏதோ ஒண்ணு. போயிட்டான். நீ அழு.”

சுதா அழப் பார்த்தாள். வரவில்லை. அவள் கன்னம் சிவந்து போனதுதான் மிச்சம்.

சாப்பாட்டு நேரத்தில் மயிலாத்தா ஒரு முடிவுக்கு வந்தாள். “அவங்க முறை சொல்ல மாட்டாங்க அம்மணி. நாமளே வெச்சுக்கலாம்” என்று தட்டோடு எழுந்து நின்று பங்கு பிரித்தாள். அவள் கொழுந்தியா. இன்னொருத்தி அக்காள் மகள். என்னை ஒன்றுவிட்ட தங்கச்சி ஆக்கினாள். அத்தோடு விட்டிருக்கலாம். எங்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. சோறு தீர்வதற்குள் செத்தவருக்கு ஒரு முழு வாழ்க்கையே கொடுத்துவிட்டோம். பேக்டரியில் வேலை, வடை என்றால் உயிர், மழைக்கோட்டை யாருக்கும் இரவல் தரமாட்டார்.

செல்லம்மா சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்தில் இருந்து வந்தவள், பேச்சில் இன்னும் அந்த வாடை உண்டு. “நான் அவருக்குச் சின்னம்மா மகள். ஆனா என்ட மக கல்யாணத்துக்கு இந்த மனுசன் வரல்ல. அதுல இருந்து நாங்க கதைக்கிறது இல்ல” என்று அறிவித்துவிட்டாள்.

சாப்பிட்டு வந்து மறுபடி ஆக்‌ஷன். செல்லம்மா பிணத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“அம்மா, திரும்புங்க, அழுங்க.”

“அந்தாளோட நான் கதைக்கிறது இல்ல.”

மயிலாத்தா கொழுந்தியாக் கணக்கில் ஆரம்பித்தாள். “ஏனுங் மாமா, என்ற அக்காளுக்குத் தெரியாம வடை திங்க இனி ஆரு கூட வருவீங்க? மழைக்கோட்டையாச்சும் எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்கலாமுங்களே!” முறைக்காரி சாவு வீட்டிலும் நையாண்டி விடமாட்டாள் அல்லவா, அந்த ராகத்திலேயே இழுத்தாள். பெரியவரின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. மாலை ஆடியது. நெற்றிக் காசு நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

“கட்!”

உறவே இல்லாமல் ஒரு தடவை கெட்டது, உறவு அதிகமாகி இன்னொரு தடவை கெட்டது. அதற்குள் பள்ளத்தாக்கில் இருந்து மிஸ்ட், அந்த வெள்ளைப் பனிமூட்டம், ஏற ஆரம்பித்துவிட்டது. நம் ஊரில் அது ஏறினால் எவ்வளவு நேரத்தில் வந்து மூடும் என்று உங்களுக்கே தெரியும். டைரக்டர் வானத்தைப் பார்த்தார், செல்வத்தைப் பார்த்தார். செல்வம் எங்களைப் பார்த்த பார்வையை நான் சொல்ல விரும்பவில்லை.

“கூட்டம் வாயைத் திறக்க வேண்டாம். சும்மா உட்காருங்க. அந்த டயலாக்கை ஹீரோயின் சொல்லட்டும். தங்கச்சி பின்னால உட்காரட்டும்” என்றார் டைரக்டர். ஹீரோயினுக்கு அந்த அப்பாவை ஒரு தடவை பார்த்த பழக்கம்கூடக் கதையில் கிடையாது. ஆனால் அந்தப் பெண் கேட்ட நேரத்தில் அழுவாள்.

சுதா எழுந்து வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை, முதுகில் உணர்ந்தேன். எனக்குப் பின்னால் யாரும் உட்கார்ந்து பழக்கம் இல்லை.

திரும்பி அவள் காதில் சொன்னேன்: “கண்ணு, இந்த அண்ணன் எதுக்குப் போனான்னு தேடாத. அது இவங்களுக்கே தெரியாது. உனக்கு உங்கண்ணன் மேல ஒரு கோவம் இருக்குதல்ல, காது குத்துக் கோவம். அது ஒண்ணை மட்டும் எடுத்துக்க. அழ வேண்டாம். திட்டு.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “இன்னொரு வாட்டி கேட்டாக் குடுப்பாங்களா அக்கா?”

அதை யாராவது போய் டைரக்டரிடம் கேட்க வேண்டுமே. எத்தனையோ ஷூட்டிங் போயிருக்கிறேன், ஒரு டைரக்டரிடமும் நானாக வாய் திறந்ததில்லை. எழுந்தேன், டைரக்டர் பக்கம் போகாமல் அங்கேயே நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் பிணம் கிடந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். கண் மூடியவரிடம் பேசக் கூச்சம் வரவில்லை.

“ஐயா, அந்தப் புள்ளைக்கு இன்னொரு சந்தர்ப்பம் குடுக்கச் சொன்னா நல்லா இருக்குமுங்க. இப்பச் சொல்லீருவா” என்று அவர் மாலையைச் சரிசெய்வது போலக் குனிந்து சொன்னேன்.

“அதைப் போய்ப் பொணத்துக்கிட்ட சொல்றீங்களேம்மா” என்றார், உதடு அசையாமல்.

“அவருகிட்டச் சொல்ல பயமா இருக்குதுங்க.”

பெரியவர் பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தார். தாடைக்கட்டும் பஞ்சுமாக அவர் எழுந்ததைப் பார்த்து உதவி டைரக்டர் பெண் கத்திவிட்டாள். “தம்பி, தங்கச்சிக்கு ஒரே ஒரு டேக் குடுங்க. செத்தவன் கேக்கறேன், இல்லைன்னு சொல்லாதீங்க” என்றார்.

டைரக்டர் சிரித்துவிட்டார். “ஒண்ணே ஒண்ணு. மிஸ்ட் வந்தா அவ்வளவுதான்.”

அந்தச் சின்ன நேரத்தில் நான் மயிலாத்தாவுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றுதான் சொன்னேன். ஆளுக்கு ஒரு முறை, அதற்கு மேல் வடையும் வேண்டாம் மழைக்கோட்டும் வேண்டாம். செல்லம்மாவை விட்டுவிட்டேன். அவளைத் திருப்ப யாராலும் முடியாது.

ஆக்‌ஷன். அவரவர் முறையைச் சொல்லி மெல்ல அழுதார்கள். ஹீரோ வந்து கறுப்புக் கண்ணாடியோடு நின்றான். சுதா நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

தாளில் இல்லாத வரி. ஹீரோ முழித்தான்.

“எம் புள்ளைக்கு இன்னும் காது குத்தல. மாமன் மடி வேணும்னு வெச்சிருக்கேன். உனக்கு அண்ணனே இல்லையான்னு ஊரே கேக்குது. என்ன சொல்லட்டும்? அப்பா கடைசி வரைக்கும் உன்னையத்தான் கேட்டாரு. நான் கேக்கல. நான் உம்மேல கோவமா இருக்கேன்.”

கோவமா என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஹீரோ கண்ணாடியைக் கழற்றினான். எந்தத் தாளிலும் இல்லாமல், “புள்ள எங்க?” என்று கேட்டான். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த செல்லம்மா திரும்பி, “என்ட அண்ணே” என்று விழுந்து அழுதாள். யாரும் கட் சொல்லவில்லை. மிஸ்ட் வந்து பெரியவரை மூடியது, சுதாவை மூடியது, எங்கள் எல்லாரையும் மூடியது. அதுதான் அன்றைக்குக் கட்.

வெள்ளைக்குள் இருந்து டைரக்டர் குரல் கேட்டது. “எல்லாம் சரி. இந்தக் குழந்தை எங்க இருந்து வந்துச்சு?”

தாள் புரளும் சத்தம். “கதையில குழந்தையே இல்ல சார்.”

“இனிமே இருக்குது” என்றார் பெரியவர்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சுதாவிடம் சொந்தக் கோபத்தை எடுத்துக் கொடு என்று நான் சொன்னது சரியா என்று அப்போது யோசிக்கவில்லை, நேரம் இல்லை. பிறகு யோசித்தேன். நம் சொந்தக் காரியத்தைப் படத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் சாயங்காலம் வேனில் ஏறும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரத் தெரிய வேண்டும். இது எனக்குத் தெரிந்தது சுதாவைப் பார்த்துத்தான்.

டைரக்டர் படத்தின் முடிவில் ஒரு காது குத்துக் காட்சியைச் சேர்த்தார். குழந்தை வேண்டுமே, சுதாவின் பெண்ணையே கூட்டி வரச் சொன்னார்கள். ஹீரோ பட்டு வேட்டி கட்டிக் கால் மடித்து உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தார்கள். காது குத்துகிற ஆசாரி ஊசியைச் சும்மா காட்டுவதாகப் பேச்சு. ஹீரோவுக்கு அந்தக் குழந்தையைப் பிடித்துவிட்டது. நல்ல மனதோடுதான் சொன்னான்.

“இவ்வளவு ஏற்பாடு பண்ணியாச்சு. நிஜமாவே குத்திடலாமே. நானே மாமனா இருந்துட்டுப் போறேன்.”

சுற்றி நின்ற நாங்கள் ஆகா என்றோம். ஒரு பெரிய நடிகன் தாய்மாமன் ஆவதென்றால் சும்மாவா? செல்வம் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார்.

சுதா ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாங்க சார். படத்துக்கு எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காரட்டும். ஊசி படக்கூடாது. இவளுக்கு மாமன் இருக்கானுங்க.”

ஹீரோ ஊசியைத் தள்ளிப் பிடிக்கும்படி ஆசாரிக்குக் கை காட்டினான். “சரிம்மா” என்றான். ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை பட்டு வேட்டியில் ஒன்றுக்குப் போனது. அவன் அசையாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சிரிப்பு படத்தில் இருக்கிறது. ஏன் சிரிக்கிறான் என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

படம் வந்தது. மற்றபடி வழக்கமான படம்தான். அம்மா இருமினாள், மகன் எதற்குப் போனான் என்று கடைசி வரை தெரியவில்லை. ஆனால் அந்தச் சாவு வீட்டில் சுதாவின் சொந்தக் குரலையே வைத்திருந்தார்கள். காது குத்துக் காட்சி மட்டும் தனித் துண்டாக எல்லார் போனிலும் சுற்றியது.

இதுவே நம் பாசப் படமாக இருந்திருந்தால் அண்ணன் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்து தங்கச்சி காலில் விழுந்திருப்பான். நடந்தது வேறு. ஒரு நாள் சுதாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள், பக்கத்து வீடான எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தம்.

“ஏன்டி, எவனோ சினிமாக்காரன் மடியில என்ற மருமவளை உட்கார வெச்சிருக்கற? எனக்கு மடி இல்லையா? காது குத்தியாச்சா?”

“இல்லண்ணா. சும்மா நடிப்புக்கு.”

“தொட்டீங்கன்னா பாத்துக்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். பேனர் வெச்சா என்ற படம்தான் பெருசா இருக்கோணும், சொல்லிப்போட்டேன்.”

வந்தான். மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி வரை வளைவு வளைவாக வாந்தி எடுத்துவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டு வந்தான். லைன் முகப்பில் அவன் படம் மட்டும் போட்ட பேனர், ஆள் உயரத்துக்கு. அதைப் பார்த்து, மூக்கு சரியாக வரவில்லை என்று அதற்கும் ஒரு சண்டை. சுதாவும் விடவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தாள். மயிலாத்தா யாரும் கேட்காமலே இரண்டு பக்கமும் பேசினாள். அண்ணன் திட்டிக்கொண்டே போய் உட்கார்ந்து மடியை விரித்தான். ஆசாரி ஊசியை எடுத்தார்.

அத்தனை பேர் கூடியிருந்ததில் அன்றைக்கு அழுதது குழந்தை மட்டும்தான்.